எட்டுச் சுற்று

இந்த அறையின் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததுமே என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். யாரையாவது விட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காத காரியம்.

நான் வந்திருப்பதே ஒரு திருத்தத்துக்காகத்தான். விபத்து பற்றிய உங்கள் அறிக்கையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பதினோராம் பக்கத்தில் என் தங்கையின் கணவர் சொன்னதாக ஒரு வரி வருகிறது: "இதற்கு முன்பும் மூன்று முறை சீட்டை வெளியே இழுத்து வைக்க மறந்திருக்கிறேன், எனக்கு ஞாபக மறதி இருக்கிறது." அந்த மூன்று முறையும் அவர் மறக்கவில்லை. மூன்று முறையும் இழுத்து வைத்தார். உள்ளே தள்ளியது நான். தப்பான தகவல் ஒன்று கோப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும். ரேடார் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மேட்டில் ஆன்டெனா சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் இருக்கும் புள்ளிகள் ஓர் எட்டு முன்னே குதிக்கும். ஒரு புள்ளி என்பது ஒரு விமானம். பக்கத்தில் அதன் பெயரும் உயரமும் வேகமும் சின்ன எழுத்தில் நகரும். எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஐந்து மைல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரத்தில் ஆயிரம் அடி வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேதம். மேகத்துக்குள் போகும் விமானிக்குக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. நாங்கள் இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்புவார். ஏன் என்று கேட்க மாட்டார்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பலகை இருக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, ஒன்றின் கீழ் ஒன்றாக அதில் அடுக்கி வைத்திருப்போம். ஒரு விமானத்துக்கு நாம் பிறகு செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருந்தால், அதன் சீட்டை மட்டும் இரண்டு விரற்கடை வெளியே இழுத்து விடுவோம். துருத்திக்கொண்டு நிற்கும். தற்காலிகமாக ஒரு திசையில் அனுப்பியிருக்கிறோம், பிறகு திருப்ப வேண்டும், கீழே இறங்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம், பிறகு இறக்க வேண்டும், இப்படி. வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுவோம். பதினைந்து விமானத்தை ஒரே மண்டையில் வைத்திருக்க முடியாது. மண்டை மறந்தாலும் துருத்தும் சீட்டு மறக்காது.

அடுத்தவர் பலகையை யாரும் தொட மாட்டோம். எந்த விதிப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. அடுத்தவர் சாப்பிடும் தட்டில் கை வைக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா?

எங்கள் அறையில் எல்லாமே பதிவாகும். பேசுவது, திரையில் தெரிவது, தொலைபேசி, எல்லாம். ஒரு சீட்டு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பது மட்டும் எதிலும் பதிவாவதில்லை. உங்கள் ஆட்கள் எட்டு மாதம் தேடியும் கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணம். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அறையில் எனக்கு இருபத்து நான்கு வருடம். ஷிப்ட் மேற்பார்வையாளர். முதுகுக்குப் பின்னால் என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கோணலாக ஒரு கோடு போட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவேனாம். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் தங்கைக்கு வரன் தேடியபோது வெளியே எங்கும் அலையவில்லை. பக்கத்து இருக்கையிலேயே ஒருவர் இருந்தார். லட்சணமானவர், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாது. நானே பேசி முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை "மாப்ள" என்று கூப்பிட, கேட்டுக் கேட்டு அறையில் எல்லோருமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை அதிகாரிகூட. ஒரு மனுஷன் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையாகிவிட்டார் என்று கேலி பேசிக்கொள்வோம்.

அவர் வேலை செய்யும் விதம் வேறு மாதிரி. நான் முதுகை நிமிர்த்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நாற்காலிக் கம்பியில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் விமானிகளோடு பேசுவார். ஆனால் பன்னிரண்டு விமானம் மொத்தமாக வந்தாலும் நூல் பிடித்தாற்போல் வரிசையாக இறக்கிவிடுவார். விடைபெறும்போது விமானிகள் அவருக்கு நன்றி சொல்வார்கள். எனக்குத் தங்கள் விமானத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார்கள். விதிப்படி அது போதும். நன்றி விதியில் இல்லை.

ஒன்பது வருடத்தில் அவர் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. ஒரு கூட்டத்தில் தலைமை அதிகாரி எல்லோர் முன்னாலும், "மாப்ள உக்காந்தா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் கட்டும் ரேடார் கூடத்துக்கு அவரைத்தான் தலைவராகப் போடப் போகிறார்கள் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பியது. இதைக் கேட்டதும் நீங்கள் பொறாமை என்று குறித்துக்கொள்வீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் என் கவலை வேறு. தவறே செய்யாத ஆளுக்குப் பயம் இருக்காது. பயம் இல்லாதவர் ஒருநாள் செய்யும் தவறு சின்னதாக இருக்காது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோம் இல்லையா? அந்த வலியை யாராவது கொடுமை என்பார்களா?

மேற்பார்வையாளர் அரை மணிக்கு ஒருமுறை வானிலைச் சீட்டை ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் செருகிவிட்டுப் போக வேண்டும். எங்கள் அறையில் அடுத்தவர் பலகைக்குப் பக்கத்தில் போக உரிமை உள்ள ஒரே கை என்னுடையது.

முதல் முறை, ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பது. கீழே குறுக்கே ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்ததால், இறங்கி வந்த ஒன்றை அவர் ஏழாயிரம் அடியில் நிறுத்தி வைத்து, அதன் சீட்டை வெளியே இழுத்து விட்டிருந்தார். தொலைபேசி வந்தது. அவர் முகத்தைத் திருப்பினார். நான் வானிலைச் சீட்டை வைத்துவிட்டு, சுண்டு விரலால் அதைத் தள்ளினேன். இரண்டு விரற்கடை தூரம், அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். எதுவும் துருத்தவில்லை. பாக்கி ஒன்றுமில்லை என்று அந்த விமானத்தை இறங்கச் சொன்னார்.

அலாரம் அடித்தது, இரண்டு புள்ளியும் சிவப்பாயின. அவர் காலைக் கம்பியிலிருந்து எடுத்து நேராக உட்கார்ந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்பினார். நெருங்கியது இரண்டரை மைல். பயணிகளுக்கு விமானம் கொஞ்சம் சாய்ந்தது போலிருந்திருக்கும். அலாரம் இருக்கிறது என்று தெரிந்துதான் செய்தேன். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை.

இரண்டு வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி, மறுபடி தேர்வு வைத்துத் திரும்ப எடுத்தார்கள். திரும்பி வந்த அன்று கேன்டீனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"மச்சான், அந்தச் சீட்டை நான் வெளிய இழுத்தேன். என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"உங்க கண்ணுல நிக்குது மாப்ள. பலகையில நிக்கலையே" என்றேன். "நாம பலகையைத்தான நம்பணும்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஆபத்தில்லாத சமயங்களில் செய்தது. திரையில் மூன்றோ நாலோ விமானம்தான். அவரே கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார். ஆனால் கண்டுபிடித்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்திருக்கலாம். ஒரு அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. தன் கையைச் சந்தேகப்படுவது என் கையைச் சந்தேகப்படுவதைவிட அவருக்குச் சுலபமாக இருந்தது. மரியாதை தெரிந்தவர்.

மூன்றையும் அவரே எழுதிக் கொடுத்தார், யாரும் கேட்காமலே. அதன் பிறகு, மூன்று மாதம் அவர் பக்கத்தில் மேற்பார்வையாளர் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்னொரு ஹெட்செட், இன்னொரு நாற்காலி. என் காலடியில் ஒரு மிதிகட்டை. அதை மிதித்தால் அவர் குரலை மீறி என் குரல் விமானிக்குப் போகும். நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

அந்த நாட்களில் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாராம். கேஸை மூடினேனா, மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா என்று அவளைக் கேட்கிறாராம். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவந்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறார், மகளைக் கூட்டிவர. காவலாளி சொல்லித்தான் திரும்பினாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அண்ணா, அவருக்கு என்னமோ ஆகுது. வேலையை விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது நான் சரி என்று சொல்லியிருந்தால் அவர் வேலையை விட்டிருப்பார். ஆறு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள். நான் வேண்டாம் என்றேன். இப்போதுதான் அவருக்குக் கவனம் வந்திருக்கிறது, கெடுத்துவிடாதே, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சொன்னது உண்மைதான். அவ்வளவு கவனமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாய்ந்து உட்காருவது நின்றுவிட்டது. குரலில் இருந்த அந்த இழுவை போய்விட்டது. விமானிகள் நன்றி சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. மறந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் எல்லாச் சீட்டையும் வெளியே இழுத்து வைக்க ஆரம்பித்தார். பாக்கி இருப்பது, இல்லாதது, எல்லாம். பலகை முழுவதும் ஒரே அளவில் துருத்திக்கொண்டு நின்றது. எல்லாம் துருத்தினால் எதுவுமே துருத்தவில்லை என்றுதான் பொருள். எந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் பார்த்த உடனே இது தெரியும். எனக்கும் தெரிந்தது. பதினோரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

விபத்து நடந்த அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தெற்கே இடிமேகம். பெரிய விமானங்கள் எல்லாம் ஒதுங்கி வழி கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு சின்ன விமானம். கண் சிகிச்சை முகாம் நடத்திவிட்டுத் திரும்பும் ஐந்து பேர், விமானி ஒருவர். விமானி வயதானவர், பேச்சுக்கு நடுவே இருமுவார். அந்த விமானத்தின் கருவி பழையது. திரையில் இடம் தெரியும், உயரம் தெரியாது. உயரம் தெரியாத புள்ளிக்கு எங்கள் அலாரம் ஊமை. அது மூவாயிரம் அடியில் வருகிறது என்பது அதன் சீட்டில் மட்டும்தான் எழுதியிருந்தது.

பெரிய விமானங்களுக்கு வழி விடுவதற்காக மாப்பிள்ளை அதைக் கிழக்கே திருப்பிவிட்டார். கிழக்கே மேகம் மூடிய மலை, நாலாயிரத்துச் சொச்சம் அடி. கொஞ்ச தூரம் போகவிட்டு வடக்கே திருப்பிவிட வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். சீட்டை வெளியே இழுத்து வைத்தார். மேலிருந்து எட்டாவது சீட்டு. மேலே ஏழும் துருத்திக்கொண்டிருந்தன, கீழே நாலும்.

மலைக்கு இரண்டு மைல் இருக்கும்போது நான் பார்த்தேன். பதினோராம் பக்கத்தோடு பதினாலாம் பக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கும்; அங்கே "மேற்பார்வையாளர் வேறு விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. நான் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மாப்பிள்ளை இரண்டு பெரிய விமானங்களை விலக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் அந்த விமானி இருமிவிட்டு, இதே திசையில்தான் போக வேண்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளை கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அவர் பொறுத்தார். என் வலது கால் மிதிகட்டையின் மேல்தான் இருந்தது. செருப்பின் அடியில் அதன் வரிகள்கூடத் தெரிந்தன. ஐந்தாம் சுற்று வரை திரும்ப இடம் இருந்தது. அதற்கு மேல் உயரே ஏறச் சொல்லியிருக்கலாம். ஆறாம் சுற்றில் மாப்பிள்ளைக்கு ஏதோ ஒன்று பாக்கி இருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். பலகைக்குத் திரும்பி, விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் படிக்க ஆரம்பித்தார். முதல் சீட்டு, இரண்டாவது, மூன்றாவது. உதடு அசைந்தது. எட்டாம் சுற்றில் அவர் விரல் ஆறாவது சீட்டில் இருந்தது.

ஒன்பதாவது சுற்றில் புள்ளி இல்லை.

அவர் பதினொரு முறை கூப்பிட்டார். ஒலிப்பதிவில் எண்ணிக்கொள்ளலாம். பிறகு ஹெட்செட்டைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"மச்சான், நான் அவரைத் திருப்பினேனா?"

"இல்ல மாப்ள" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். நான் பொய் சொன்னதாக ஒரு இடத்திலும் உங்களால் காட்ட முடியாது. அவருக்குத் தெரிய வேண்டும் என்று காத்திருந்தேன். அவரே பார்த்து, அவரே கண்டுபிடித்தால்தான் பாடம் நிற்கும். நாற்பது வினாடி கொடுத்தேன். என்னுடைய காலத்தில் எனக்கு யாரும் நாலு வினாடிகூடக் கொடுத்ததில்லை.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறார். வழக்கு வரும் வரை எங்கும் போகக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் போக மாட்டார். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், தங்கை வாயில் ஊட்டினால் சாப்பிடுவார். மகள் பக்கத்தில் போனால் அவள் தலையில் கை வைத்து, இவளைக் கூட்டிவந்துவிட்டேனா என்று கேட்பார். போன வாரம் பார்க்கப் போனேன். கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க அண்ணா. பாத்திருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேன்மா."

சரி, இது ஒன்று பொய். ஒன்றே ஒன்று. அவளுடைய ஆறுதலுக்காகச் சொன்னது. கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

மற்றபடி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு எங்கள் அறையில் ஒருவரும் சாய்ந்து உட்காருவதில்லை. எட்டு மாதமாக ஒரு சின்னத் தவறுகூட இல்லை. ஆறு பேர் போனது வருத்தம்தான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் பத்திரமாக இறங்கியவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு யாரும் நன்றி சொல்லவும் இல்லை.

பதினொன்று, பதினாலு, இரண்டு பக்கங்களையும் திருத்திவிட்டுச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடித்தால் உதவியாக இருக்கும். திங்கட்கிழமை காலை ஷிப்ட் எனக்கு. மாப்பிள்ளையின் இருக்கைக்கு வேறு நிலையத்திலிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரி. ஆறு வருடத்தில் ஒரு தவறும் செய்ததில்லையாம். விமானிகள் அந்தப் பெண்ணிடம் இப்போதே நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று வானிலைச் சீட்டை வைக்கப் போனபோது பார்த்தேன், பலகையில் ஒரே ஒரு சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. அதை நான் இன்னும் தொடவில்லை.